குளிரில் சொன்னது செல்லாது

பிப்ரவரி 9, சனி

காலையில் மைனஸ் பத்தொன்பது. ஐஸ் நாற்பத்தேழு சென்டிமீட்டர். காற்று இல்லை.

குய்க்கா ஏரியின் ஐஸை நாற்பத்தோரு வருடமாக அளந்து எழுதிவருகிறேன். முன்பெல்லாம் தேதி, கனம், காற்று, அவ்வளவுதான். இந்தக் குளிர்காலம் நோட்டில் வேறு சங்கதியும் ஏறிவிட்டது. இன்றும் ரைலி வீட்டுக்குப் போய்வந்தேன். உதைவண்டியின் முன்னிருக்கையில் மீன் வாளியை வைத்து, பின்னால் சறுக்குக் கம்பியில் ஒரு கால் ஊன்றி மறு காலால் ஐஸை உதைத்தால் பதினாலே நிமிடத்தில் எதிர்க்கரை.

சாலை வழியே போனால் முப்பத்தோரு கிலோமீட்டர். அந்தச் சாலையை முப்பத்துநாலு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டித் தேய்த்தவன் நான். கடைசி ஸ்டாப் ரைலி வீட்டு முனை. அவள் வாசலில்தான் வண்டியைத் திருப்புவேன். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் கையசைப்பாள். நானும் கையசைப்பேன். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு நாள்கூட அங்கே இறங்கியதில்லை. இறங்கத் துணிச்சல் வந்தபோது வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், காரையும் விற்றிருந்தேன். என் புத்தி எப்போதும் ஒரு ஸ்டாப் தள்ளித்தான் போய் நிற்கும்.

இன்று காபி ஊற்றும்போது சொன்னாள்: "துர்க்கு டவுன்ல இருக்கிற மக, இந்த வீட்டை வித்துட்டு தன்கூட வந்துடச் சொல்றா. வாப்புக்கு வரா. அன்னிக்கு பதில் சொல்லணும்."

வாப்பு என்றால் மே முதல் தேதி, வசந்தத் திருவிழா. "நல்ல பொண்ணு" என்றேன். நல்ல பொண்ணாம்! வேறு எதுவுமே வாயில் வரவில்லையா உனக்கு, அறுபத்து நாலு வயதுக் கழுதையே?

ஐஸ் உடைவதற்குள் கேட்டுவிடவேண்டும். உடைந்துவிட்டால் ரெண்டுங்கெட்டான் வாரங்கள் வந்துவிடும். நடக்கவும் முடியாது, படகும் போகாது.

பிப்ரவரி 10, ஞாயிறு

எப்படிக் கேட்பது? பக்கத்து வீட்டுக் கௌக்கோவிடம் யோசனை கேட்கலாம். கேட்டால் மைக் வைத்து ஊருக்கே சொன்ன மாதிரி. வேண்டாம்.

பிப்ரவரி 23, சனி

ஊர்ச் சங்கத்தின் ஐஸ் பாதுகாப்பு நாள். வருடா வருடம் ரைலிதான் நடத்துகிறாள். முப்பது வருடம் கிராமத்து நர்ஸாக இருந்தவள், சும்மா விடுவாளா?

பள்ளிக்கூடத்துக் கரையில் கதவு அகலத்துக்கு ஐஸை அறுத்து வைத்திருந்தார்கள். ரைலி தினசரி போடுகிற கோட்டு, பூட்ஸோடு வந்தாள். இடுப்பில் கயிறு. கழுத்தில் குத்தூசி ஜோடி. கைப்பிடி வைத்த ரெண்டு ஆணிகளைச் சிவப்புக் கயிற்றில் கோத்தது. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

என் நெஞ்சு நின்றே போயிற்று. அவளோ தலையை வெளியே நீட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறாள்.

"மொத ஒரு நிமிஷம் ஒண்ணுமே பண்ணாதீங்க! மூச்சு... வாங்கத்தான் செய்யும். கத்தாதீங்க, நீந்தாதீங்க. மூச்சு அடங்கட்டும். அப்புறம் பத்து நிமிஷம் கை கால் உங்க பேச்சைக் கேக்கும். அதுக்குள்ள வெளிய வரணும். வந்த பக்கமே திரும்புங்க. உங்களைத் தாங்கின ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கு."

பிறகு ரெண்டு கையிலும் குத்தூசியைப் பிடித்து, காலைத் தவளை மாதிரி உதைத்து, குத்திக் குத்தி மேலே ஏறி, எழுந்திருக்காமல் உருண்டு வந்தாள். ஊரே கைதட்டியது. நான் கைதட்டியதில் கையுறை ஒன்று பறந்து தண்ணீரில் விழுந்தது. அதையும் அவள்தான் எடுத்துக்கொடுத்தாள்.

கௌக்கோ கரையோர நீராவிக் குளியலறையைக் காட்டிக் கத்தினான்: "சரி, சௌனா சூடா இருக்கா?"

"எனக்கு இருக்கு. நான் ஒரு நிமிஷம்தான் உள்ள இருந்தேன். ஆனா ரொம்ப நேரம் தண்ணியில கிடந்தவன், நாக்கு குழறறவன், அவனைச் சௌனா பக்கமே கொண்டுபோகாதீங்க. சூடு பட்டா தோல்ல ரத்தக் குழாய் திறந்துக்கும். பிரஷர் இறங்கும், கை கால்ல குளிர்ந்து கிடக்கிற ரத்தம் நெஞ்சுக்குப் போகும். தண்ணியில சாகாதவன் சௌனாவுல செத்துடுவான்."

பிறகு கௌக்கோ: "சௌனா கூடாதா? இவ ஃபின்லாந்துக்காரிதானா? பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கப்பா!"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

போகும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க குத்தூசி எங்க?"

"வீட்ல இருக்கு."

"வீட்ல ஐஸ் உடையுமா?"

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். கோட்டுக்குள் ஆறு டூலிப் பூக்களை மறைத்து ஏரி தாண்டினேன். மைனஸ் ஒன்பது. ஐஸ் ஐம்பத்து மூன்று, இந்த வருடத்தின் உச்சம்.

ரைலி கதவைத் திறந்தாள். பூவைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தாள்.

"குத்தூசி இல்லாம என் வீட்டுக்குள்ள வராதீங்க."

"ஐம்பத்து மூணு சென்டிமீட்டர் ரைலி! லாரியே ஓட்டலாம்!"

"அப்ப லாரியில வாங்க."

பூவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ரெண்டு நிமிடம் கழித்துத் திறந்து காபியும் ஏலக்காய் பன்னும் கொடுத்தாள், வாசற்படியிலேயே. மைனஸ் ஒன்பதில் படியில் உட்கார்ந்து குடித்தேன். ஜன்னலில் என் பூக்கள் கண்ணாடி ஜாடிக்குள் கதகதப்பாக இருந்தன. என்னை உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் தந்தாள். புதுக் குத்தூசி ஜோடி. சிவப்புக் கயிறு அவளே பின்னியது.

மனுஷிக்கு என்மேல் கோபமா, அக்கறையா? ரெண்டும் ஒரே முகத்தில் இருந்தால் நான் எதைப் படிப்பது?

மார்ச் 16, சனி

கழுத்தில் குத்தூசியோடு கரையில் இறங்கினேன். கௌக்கோ மீன்பிடிக்கிற துளை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அடடே! கழுத்துல கயிறு ஏறிடுச்சா மாப்ளே? தேதி குறிச்சாச்சா?"

"வாயை மூடிக்கிட்டு மீனைப் பிடி."

"மீன் தானா வருதுடா. உன்னை மாதிரி."

அவனோடு இருந்த லம்மினன் சகோதரர்களும் பல்லைக் காட்டினார்கள். நான் ஜிப்பைத் திறந்து, குத்தூசியைக் கோட்டுக்குள் தள்ளி, தாடை வரை ஜிப்பை இழுத்து மூடினேன். போட்டுக்கொண்டதும் ஆயிற்று, யார் கண்ணிலும் படாமலும் ஆயிற்று. ரைலி வீட்டுப் படகுத்துறைக்கு வந்ததும் வெளியே எடுத்துத் தொங்கவிட்டேன். உள்ளே விட்டாள். மீன் வைத்துச் சுட்ட ரொட்டி மூன்று துண்டு.

எவ்வளவு கெட்டிக்காரன் நான்!

ஏப்ரல் 6, சனி

ஐஸ் நாற்பத்து நாலு. பகலில் பிளஸ் ஐந்து. இரவில் உறைகிறது. அன்னங்கள் வந்துவிட்டன. ஓடை வந்து கலக்கும் வாயில் ஐஸ் இளகிக் கறுப்பாக ஒரு திட்டு.

இப்போது காலையில்தான் கடக்கவேண்டும் என்று ரைலி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். "வசந்தத்துல கனத்தைப் பாக்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. வெயில்ல ஐஸ் உள்ளுக்குள்ள ஊசி ஊசியா பிரிஞ்சுடும். வெளிய பாத்தா தடியாத்தான் இருக்கும்."

பிறகு கிளம்பும்போது, ரொம்பச் சாதாரணமாக: "அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குச் சௌனா போடறேன். வரீங்களா?"

சௌனா! அவள் வீட்டுச் சௌனா! பத்து வாரமாகக் காபியைத் தாண்டாத மனுஷன் நான்.

என் முகம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. விரலை ஆட்டினாள். "மொதல்ல நான், அப்புறம் நீங்க. தனித்தனியா. கனவு காணாதீங்க. காலையிலயே வந்துடுங்க, விறகு பிளக்கணும்."

"சரி" என்றேன். கனவு கண்டுகொண்டேதான் வீடு வந்தேன்.

ஏப்ரல் 13, சனி. மதியம் மூன்று

காலையில் போகவில்லை. முடி வெட்டிக்கொள்ள டவுனுக்குப் போனேன், பேருந்து தாமதம். ஐஸ் முப்பத்தெட்டு. போதும், தாராளம். நாற்பத்தோரு வருட நோட்டில் ஏப்ரலில் முப்பதுக்கு மேல் இருந்து யாரும் விழுந்ததாக ஒரு வரி இல்லை.

புதுச் சட்டை. முகம் மழித்தாயிற்று. அவள் சௌனாப் புகைபோக்கியில் புகை கிளம்பிவிட்டது, இங்கிருந்தே தெரிகிறது. இன்று கேட்கப்போகிறேன். "ரைலி, துர்க்கு போகாதே." இவ்வளவுதான். மூன்று வார்த்தை. சொல்லமுடியாதா?

ஏப்ரல் 14, ஞாயிறு

ஆஸ்பத்திரி. பென்சில் கடன். விரல் பத்தும் இருக்கிறது. எண்ணினேன்.

ஏப்ரல் 15, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. இப்போது ஒழுங்காக எழுதுகிறேன், மறைக்காமல்.

காலையில் கல்லாக இருந்த மேல்பரப்பு மதிய வெயிலில் சர்க்கரையாக நொறுங்கிக்கொண்டிருந்தது. காலடியில் தெரிந்தது. தெரிந்தும் போனேன். வழக்கமாக ஓடை வாயைச் சுற்றிக்கொண்டு நாணல் பக்கமாக ஏறுவேன். அன்று புகை நேர் எதிரே தெரிந்தது. நேரே போனேன்.

கரைக்கு ஐம்பது அடி. சத்தமே வரவில்லை. மடமடவென்று உடையும் என்று நினைத்திருந்தேன், அதெல்லாம் இல்லை. உதைவண்டி மூக்கைக் கவிழ்த்தது, பின்னாலேயே நான்.

அது குளிர் இல்லை. அடி. நெஞ்சில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி. வாய் தானாகத் திறந்து ஹா ஹா என்று இழுக்கிறது, நிறுத்தமுடியவில்லை. கையைக் காலை அடிக்கப் போனேன். அப்போதுதான் அவள் குரல் காதில் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மொத ஒரு நிமிஷம் ஒண்ணுமே பண்ணாதீங்க. ஐஸ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எண்ணினேன். ஐம்பதுக்கு வரும்போது மூச்சு என்னுடையதாயிற்று.

வந்த பக்கம் திரும்பினேன். கை கழுத்துக்குப் போயிற்று. கழுத்தில் ஜிப். தாடை வரை ஜிப்! குத்தூசி கோட்டுக்குள்ளே, புதுச் சட்டைக்கு மேலே, பத்திரமாக, கௌக்கோ கண்ணில் படாமல்!

அடப்பாவி! வெக்கத்துல சாகப்போறியேடா! கௌக்கோ சிரிக்கிறான்னு சாகிற ஒரே ஆள் உலகத்துல நீதான்டா!

கையுறையைப் பல்லால் கடித்து உருவினேன். விரல்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. ஜிப்பின் கொக்கியைப் பல்லில் பிடிக்கத் தலையைக் குனிந்தால் மூக்கில் தண்ணீர். மூன்று தடவை. நாலாவது தடவை இறங்கியது. ஒரு குத்தூசிதான் கைக்கு வந்தது, இன்னொன்று கயிற்றில் சிக்கிக்கொண்டது. குத்தினேன், விளிம்பு உடைந்தது. மறுபடி குத்தினேன், மறுபடி உடைந்தது. காலை உதைத்து உடம்பைப் படுக்கைவாக்கில் மிதக்கவிட்டு மூன்றாம் தடவை குத்தினேன். நின்றது.

மேலே வந்து எழுந்திருக்கப் பார்த்தேன்.

"எந்திரிக்காதே! படு! உருளுய்யா! யோவ் வெய்யோ, உருளு!"

முப்பத்தைந்து வருடமாக "நீங்க" என்று பேசியவள்! இடுப்பில் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைப் படகுத்துறையில் முடிந்து, ஏணியை முன்னால் தள்ளிக்கொண்டு ஐஸ்மேல் வயிற்றால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள். துண்டைக் கட்டியிருந்தாள், மேலே ஒரு ரெயின்கோட்டு. சௌனாவிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள். நான் உருண்டேன். ஏணியைப் பிடித்தேன்.

அதற்குப்பின் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். சமையலறைத் தரை, மெத்தை. கத்திரிக்கோல். புதுச் சட்டையை வெட்டாதே என்று நான் அழுதேனாம். வெட்டிவிட்டாள். உலர்ந்த துணியால் ஒற்றினாள், தேய்க்கவில்லை. கம்பளி மூன்று. அவளுடைய பின்னல் தொப்பி என் தலையில். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் ரெண்டு நெஞ்சோரம். நான் நடுங்கின நடுக்கத்தில் மேசைமேல் கரண்டிகள் ஆடின.

"நடுங்குங்க. நல்லா நடுங்குங்க. நிறுத்தினாத்தான் எனக்குப் பயம்."

"சௌ... சௌனாவுக்கு நானே ந-நடந்து..."

"ஒரு அடி எடுத்து வச்சீங்க, கட்டிப் போட்டுடுவேன். அசையக் கூடாது."

ஜன்னல் வழியே பார்த்தேன். பிர்ச் விறகு, நீலப் புகை. பத்து வாரம் ஏங்கிய சௌனா இருபது அடியில் தகதகவென்று காத்திருக்கிறது, நான் தரையில் வாத்து மாதிரி பொட்டலம் கட்டிக் கிடக்கிறேன்! அவள் முன்னால் முதல்முதலாகச் சட்டையில்லாமல் படுத்தது இந்த லட்சணத்திலா ஆகவேண்டும்?

அவசர எண் 112-க்கு அவள் சொல்லிவிட்டாள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி. என் நாக்கு குழறியது. கண் சொருகியது. அவள் என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"தூங்கக் கூடாது. உங்க ஸ்டாப்பெல்லாம் சொல்லுங்க. வரிசையா."

"எ... எது?"

"பஸ் ஸ்டாப்! முப்பத்துநாலு வருஷம் ஓட்டினீங்களே. பள்ளிக்கூடத்துல இருந்து ஆரம்பிங்க."

"பள்ளிக்கூடம். கடை. ச-சர்ச் வளைவு..."

"தப்பு. மொதல்ல இருந்து."

அந்த நேரம் கதவு படாரென்று திறந்தது. கௌக்கோ! வடகரையிலிருந்து பைனாகுலரில் பார்த்திருக்கிறான். முப்பத்தோரு கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் ஓட்டி வந்திருக்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் இவனைத் தரையில போட்டு வச்சிருக்கே? சௌனா எரியுதே! தூக்கு, தூக்கு, காலை நான் பிடிக்கிறேன்!"

ரைலி எழுந்து கதவை மறித்து நின்றாள். கையில் சௌனாவின் தண்ணீர்க் கரண்டி. அது எப்போது அவள் கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

"தொட்டே, மண்டையைப் பொளந்துடுவேன்."

"ரைலி, அவன் செத்துடுவான்!"

"சௌனாவுல போட்டாத்தான் சாவான்! பிப்ரவரியில அத்தனை பேர் முன்னால சொன்னேனே, சிரிச்சீங்களே எல்லாரும்! ஃபின்லாந்துல பொறந்தவனுக்குக் குளிர்னா சௌனா, பயம்னா சௌனா. வேற யோசனையே வராதா உங்களுக்கு?"

"சரி, சரி... ஒரு மடக்கு வோட்கா?" பையிலிருந்து பாட்டிலை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். பெரிய மனுஷன் கௌக்கோ, அறுபத்தஞ்சு வயது, அப்படியே மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். அவன் எனக்காக அழுதானா, வோட்காவுக்காகவா? எனக்காகத்தான். எழுதிவைக்கிறேன்.

"ஸ்டாப்பு!" என்றாள் ரைலி என் பக்கம் திரும்பி.

"பள்ளிக்கூடம்... கடை... சர்ச்..."

"டேய்!" என்று மூக்கை உறிஞ்சினான் கௌக்கோ. "மில்லு! கடைக்கு அடுத்து மர மில்லுடா! நான் முப்பது வருஷம் வேலை பாத்த இடம், அதையா மறந்தே?"

"நீ சொல்லிக்கொடுக்காதே!" என்று அவனை அதட்டினாள். பிறகு என்னிடம்: "மறுபடி."

சூடான கறுப்புத் திராட்சைச் சாறு, சர்க்கரை கரைத்தது. கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. கடைசியில் வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம். கடை. மர மில். சர்ச் வளைவு. பால் மேடை. ஓடைப் பாலம். கடைசி ஸ்டாப்..." மூச்சு வாங்கிற்று. "கடைசி ஸ்டாப், ரைலி வீடு. நான் இங்கதான் இறங்கணும் ரைலி. முப்பத்துநாலு வருஷமா இறங்காம போயிட்டேன். துர்க்கு போகாதே."

ரைலி என் நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "குளிர்ல புத்தி நிதானத்துல இருக்காது. இந்த நேரத்துல நோயாளி சொல்றதை நான் எடுத்துக்கறதில்ல. உடம்பு சூடானப்புறம் வந்து சொல்லுங்க."

ஆம்புலன்ஸ் ஆட்களிடம் சொன்னாள்: "எட்டு ஒன்பது நிமிஷம் தண்ணியில. இப்ப பேச்சு தெளிவு. கொஞ்சம் சம்பந்தமில்லாம உளறினாரு." அவர்கள் அளந்தபோது, முப்பத்தேழு டிகிரி இருக்கவேண்டிய உடம்புச் சூடு முப்பத்துமூன்று புள்ளி நாலு.

சம்பந்தமில்லாமலா! என் வாழ்க்கையிலேயே சம்பந்தத்தோடு நான் பேசினது அது ஒன்றுதான்!

ஏப்ரல் 17, புதன்

அவள் போன் செய்தாள்.

"எப்படி இருக்கீங்க? சூடா இருக்கீங்களா?"

"கொதிக்குது. ரைலி, அன்னிக்கு நான் சொன்னது..."

"போன்ல டெம்பரேச்சர் தெரியாது" என்று வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால் சிரித்தாளா, இருமினாளா? பத்து நிமிடம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு

ஐஸ் அளக்கவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. அளக்கக் காலடி வைத்தாலே போய்விடும். ஏரி முழுக்கச் சாம்பல் நிறம், கரையோரம் தண்ணீர். ரெண்டுங்கெட்டான் வாரங்கள் வந்தேவிட்டன.

கௌக்கோ மம்மி என்கிற ஈஸ்டர் மாவுக் களியும் கிரீமும் கொண்டுவந்தான். அவன் மனைவி செய்கிற மம்மி தார் மாதிரி இருக்கும், தின்றால் அமிர்தம். பைனாகுலரையும் கொண்டுவந்திருந்தான். நானே வாங்கிப் பார்த்தேன். எதிர்க்கரைக் கொடியில் என் பேன்ட் தொங்குகிறது! என் கம்பளிக் கால்சட்டையும்! துவைத்து, ஏரிப் பக்கமாகப் பார்த்து, நடுக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள்.

"ஒரு வாரமா அங்கேயே கிடக்குடா" என்றான். "காஞ்சு கருவாடாகியிருக்கும். எடுக்க மாட்டேங்கறா. ஊருக்கே கொடி ஏத்தியிருக்கா."

"என்னைக் கேலி பண்றா."

"நீ முட்டாளா, இல்ல தண்ணி இன்னும் மண்டையில இருக்கா?"

ஏப்ரல் 27, சனி

கௌக்கோ கடையில் கேட்டுவந்த செய்தி. ரைலி வீட்டு வாசலில் துர்க்குக் கார் ஒன்று. வீடு பார்க்க ஆள் வந்திருக்கிறது.

என்ன செய்யப்போறே வெய்யோ? நாலு நாள்தான் இருக்கு.

கௌக்கோ தன் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறான். "நானும் உள்ள வருவேன். சாட்சி வேணும்ல?" வேண்டவே வேண்டாம்.

ஏப்ரல் 29, திங்கள்

நாளை பள்ளிக்கூடம் உண்டு. பள்ளிப் பேருந்தில் பெரியவர்களும் ஏறலாம். எனக்கு ஏன் இது இத்தனை நாள் தோன்றவில்லை? முப்பத்துநாலு வருடம் ஓட்டியவன், ஏறியதே இல்லை.

ஏப்ரல் 30, செவ்வாய். பேருந்தில்

எழுத்து ஆடுகிறது, சாலை மோசம். நான் ஓட்டும்போது இத்தனை குழி இல்லை.

பள்ளிக்கூடம். ஏறினேன். புது ஓட்டுநர் ஹென்னா, நான் ஓட்டிய வண்டியில் ஒரு காலத்தில் ஜன்னலோரம் வாந்தி எடுத்தவள். "ஐயோ, வெய்யோ மாமா! நீங்க பயணியா?" நாளைக்கு வாப்பு, வண்டி முழுக்கப் பலூன், காகிதத் தோரணம். கோட்டுக்கு வெளியே, எல்லாரும் பார்க்க, குத்தூசியைத் தொங்கவிட்டிருக்கிறேன். பின்சீட்டில் ஒரு சுட்டி: "மாமா, ஐஸே இல்லையே, எதுக்கு இது?" "பழகிக்கறேன்" என்றேன்.

கடை.

மர மில். மில்லை மூடி எட்டு வருடம். ஸ்டாப் இருக்கிறது. மறக்கவில்லை.

சர்ச் வளைவு.

பால் மேடை. சுட்டி இறங்கிவிட்டது. பலூனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிற்று. மஞ்சள் பலூன். இதை வைத்துக்கொண்டு எப்படிப் பெண் கேட்பது?

ஓடைப் பாலம். என்னை விழுங்கப் பார்த்த ஓடை, இங்கே ஒன்றும் தெரியாத மாதிரி ஓடுகிறது.

கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறேன். குளிரில்லை, பிளஸ் பன்னிரண்டு.

முனை தெரிகிறது. கொடியில் பேன்ட். ஹென்னா வேகத்தைக் குறைக்கிறாள். "மாமா, கையசைக்கிறதோட சரியா, இல்ல...?"

இறங்குகிறேன்.

மே 8, புதன்

ஐஸ் நேற்றிரவு போயிற்று. காலை ஆறு மணிக்கு ஏரி முழுக்க நீலம், தென்மேற்குக் காற்று, ஏரிக்குப் பெயர் கொடுத்த குய்க்கா நீர்ப்பறவைகள் ரெண்டு. நாற்பத்தோரு வருடமும் இதை வடகரையிலிருந்து எழுதினேன், இந்த வருடம் தென்கரையிலிருந்து. அங்கே ஒரு நாள் முந்தியோ பிந்தியோ இருக்கலாம். கௌக்கோவைப் பைனாகுலரில் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் அவன் இந்தப் பக்கம் பார்க்கவே வெட்கப்படுகிறானாம்.

அன்றைக்கு நடந்ததை எழுதாமல் விட்டிருக்கிறேன், நேரமே இல்லை. சுருக்கமாக எழுதுகிறேன். வாசலில் நின்றவள் பாக்கெட்டிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து என் வாயில் வைத்தாள். மூன்று நிமிடம் பலூனைப் பிடித்தபடி நின்றேன். எடுத்துப் பார்த்தாள். "முப்பத்தாறு எட்டு. இப்ப சொல்லு" என்றாள்.

சொல்லு என்றாள். சொல்லுங்க என்று சொல்லவில்லை.

மறுநாள் மகள் வந்தாள். கொடியில் தொங்கின பேன்ட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வீடு பாக்க வந்தவங்ககிட்ட நான் என்னம்மா சொல்ல?" என்றாள். "ஐஸ் சரியில்லன்னு சொல்லு" என்றாள் ரைலி. சனிக்கிழமை நாலு மணிக்குச் சௌனா. விறகு நான் பிளந்தேன். முதலில் அவள், பிறகு நான் என்ற சட்டத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஆணியில் ரெண்டு குத்தூசி ஜோடி தொங்குகிறது. டிசம்பரில் ஐஸ் பிடிக்கும் வரை அங்கேயே இருக்கும்.

மூன்று ஐந்துக்குப் பள்ளிப் பேருந்து வாசலில் வந்து திரும்பியது. ஹென்னா ஹாரன் அடித்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலிலிருந்து கையசைத்தேன்.